கழுத்து திரும்பாத சர்வேயருக்குப் பத்துக் குறிப்புகள்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல, துண்டுப் பிரசுரமாகப் பிறந்தது. எங்கள் தெருமுனையில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற அம்மாள் ஒருநாள் என்னை வழிமறித்துப் பிடித்துக்கொண்டார். அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு மறுபயிற்சி வகுப்பு தொடங்கியிருக்கிறாராம்.

"நீங்கதான் எழுதறவராச்சே. வயசானவங்க பத்திரமா வண்டி ஓட்டப் பத்துக் குறிப்பு எழுதிக் குடுங்க சார். ஒரு பக்கம் போதும். கதை கிதை எல்லாம் வேண்டாம்" என்றார்.

கதை வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு வீம்பு வந்துவிடும். இருந்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை, புதிய மாத்திரை தொடங்கினால் தூக்கம் வருமா என்று மருத்துவரைக் கேட்பது, இருக்கையை ஸ்டியரிங்குக்குச் சரியான தூரத்தில் வைப்பது, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது என்று நான்கு குறிப்புகள் ஒழுங்காகவே எழுதினேன். ஐந்தாவது இப்படி ஆரம்பித்தது: 'சந்திப்புகளில் நின்று, கழுத்தைத் திருப்பி இரு பக்கமும் பார்க்கவும். கழுத்து திரும்பாதவர்கள்—'

பேனா நின்றுவிட்டது. கழுத்து திரும்பாதவர்கள் என்னதான் செய்வார்கள்? இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே எழுபத்தாறு வயதுக்காரர் ஒருவர் விறைத்த கழுத்தோடு வந்து அந்த வாக்கியத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள் என்றால் மாட்டேன் என்கிறார்.

2

முதல் தொடக்கம்: 'முதியவரின் நடுங்கும் கரங்கள் ஸ்டியரிங்கை—'

அடித்துவிட்டேன். இந்த மனிதரின் கை நடுங்கவே நடுங்காது. முப்பத்துநான்கு வருஷம் நிலம் அளந்த சர்வேயர். வயதானவர் என்றதும் கையை நடுங்க வைப்பது எங்கள் தொழிலில் இருக்கிற சோம்பேறித்தனம்.

இரண்டாவது தொடக்கம்: 'மகள் சாவியைக் கேட்டாள்.'

கேட்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித் தொடங்கினால் மகள் முதல் வரியிலேயே கெட்டவளாகிவிடுகிறாள். அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். அதனால் இந்தக் கதையை வண்டியின் பக்கத்து இருக்கையிலிருந்து சொல்லப் போகிறேன்.

3

அந்த இருக்கைக்குச் சொந்தக்காரிக்குப் பெயர் பிரேக்கக்கா. சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்டியரிங் மாணவர் கையில் இருந்தாலும் பக்கத்தில் உட்காரும் அவள் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று உண்டு. பத்தொன்பது வருஷமாக அதன்மேல் ஒரு காலைத் தயாராக வைத்து வைத்து, அந்தக் கெண்டைக்கால் மற்றதைவிடப் பருத்துவிட்டது.*

(* இந்தக் கால் என்னிடம் பிரசுரம் கேட்ட அம்மாளுடையது. அனுமதி வாங்கிவிட்டேன். இனிமேல் வரும் முன்கோபம் என்னுடையது. மற்றதெல்லாம் கற்பனை.)

சர்வேயரைக் கொண்டுவந்து சேர்த்தது அவருடைய மகள். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். போன மாதம் அப்பா தன் வீட்டு வாசல் தூணிலேயே காரை இடித்துவிட்டாராம்.

"நான் சொன்னா கேக்க மாட்டார், மேடம். நீங்க அவர ஓட்டச் சொல்லிப் பாத்துட்டு, தனியா ஓட்டலாமா கூடாதான்னு எழுதிக் குடுங்க. கூடாதுன்னா அம்மா அப்பா ரெண்டு பேரையும் என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன். அங்க இருக்கறது ரெண்டே ரூம், நாலாவது மாடி. பரவாயில்ல, சமாளிச்சுக்கறேன்."

சர்வேயரின் வீடு கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்தும் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காய்கறி வாங்க வேண்டுமென்றாலும் காரை எடுக்க வேண்டும். வண்டி போனால் வீடும் போகும். பிரேக்கக்கா எழுதப் போகிற ஒரு தாளில் அந்த வீடு நின்றுகொண்டிருந்தது. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

4

முதல் நாள் அவர் மனைவி சர்வேயரம்மாவும் கிளம்பி வந்தார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "வீட்ல தனியா உக்காந்து என்ன பண்றது? நான் பாட்டுக்குப் பின்னாடி ஓரமா இருக்கேன்" என்று முதல் ஆளாக ஏறிவிட்டார். கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு.

சர்வேயர் ஓட்டியதைப் பார்த்துப் பிரேக்கக்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கியர் மாற்றுவது காதில் விழவில்லை. முன்னால் போகிற வண்டிக்கும் இவருக்கும் எப்போதும் ஒரே இடைவெளி. சாலை விதிகளைப் பற்றி இருபது கேள்வி கேட்டாள், இருபதுக்கும் சரியான பதில். சந்திப்பு வந்தால் நின்றார். பின்னாலிருந்து டொக் என்று ஒரு சத்தம். கிளம்பினார். இன்னொரு சந்திப்பில் டொக் டொக் என்று இரண்டு சத்தம், பஸ் ஒன்று கடந்து போகும்வரை நின்றார். அம்மா கண்ணாடிக் கூட்டை ஜன்னல் விளிம்பில் தட்டுகிறார் போலிருக்கிறது. சிலருக்கு நகம் கடிக்கும் பழக்கம், இந்த அம்மாளுக்குக் கூடு தட்டும் பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

யானைக்கும் அடி சறுக்கும். கையையும் காலையும் பார்த்து மயங்கினவள் கழுத்தைப் பார்க்கவில்லை.

5

மறுவாரம்தான் இறுதிச் சோதனை. சோதனையன்று வண்டியில் ஓட்டுபவரும் பயிற்சியாளரும் மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. அம்மா வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

மருந்துக்கடைச் சந்திப்பில் சிக்னல் கிடையாது. சர்வேயர் கோட்டுக்கு முன்னால் அழகாக நிறுத்தினார். நிறுத்தியவர் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து விநாடி. இருபது விநாடி. இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடக்கிற சாலை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். சர்வேயர் அசையவில்லை. மனுஷருக்கு ஞாபகம் பிசகிவிட்டதோ என்று பிரேக்கக்கா நினைத்தாள். மடியில் இருந்த எழுதும் அட்டையில் 'முடிவெடுக்கத் தயக்கம்' என்று எழுதினாள். பேனா மூடி கீழே விழுந்தது. அதைத் தேடக் குனிவதற்காக அட்டையை முன்னால் இருந்த பலகைமேல் வைத்தாள்.

டொக்.

வண்டி கிளம்பிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவள் கதவுப் பக்கம் தண்ணீர் லாரி வருகிறது. 'மரணத்தின் கொம்பு போல அதன் ஹாரன்—' (இந்த வாக்கியம் வேண்டாம். ஹாரன் அடித்தது, அவ்வளவுதான்.) அவள் கால் தானாக இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. முன் பம்பரின் ஒரு மூலையை மட்டும் லாரி பெயர்த்துக்கொண்டு போனது.

வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய பிறகு, "ஐயா, லாரி வந்தது தெரியலையா?" என்றாள். அவள் குரலே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"வழி காலின்னு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"காலின்னு யார் சொன்னா?"

சர்வேயர் எதற்காகக் கிளம்பினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

6

(இந்த எண்ணில் அவருடைய இளமைக்காலம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஏரிக்கரை, முதல் ஜீப்பு, காதல். கிழித்துப் போட்டேன். லாரியிடமிருந்து தப்பித்த மனிதரை நிறுத்திவைத்துப் பழங்கதை கேட்பது நாகரிகமில்லை.)

7

திரும்பும்போது பிரேக்கக்காதான் ஓட்டினாள். வாசலில் காத்திருந்த சர்வேயரம்மா பம்பரைப் பார்த்ததும் பதறி ஓடிவந்தார். "ஐயோ, அடி ஏதும் பட்டுச்சா?" என்று கதவைப் பிடித்தபோது கையிலிருந்த கூடு ஜன்னல் விளிம்பில் இடித்தது. அதே டொக்.

பிரேக்கக்கா அந்தக் கூட்டைப் பார்த்தாள். தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.

"அம்மா, வண்டியில இந்தக் கூட்ட எதுக்குத் தட்டுவீங்க?"

"சும்மா. பழக்கம்."

"ஒரு தட்டு தட்டினா போகலாம். ரெண்டு தட்டினா நிக்கணும். அப்படித்தானே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அம்மா கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு உடைந்துவிட்டார்.

"நாலு வருஷமாச்சும்மா. அவருக்குக் கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது. வாயத் தொறந்து வண்டி வருதுன்னு சொன்னா, நீ சொல்லி நான் ஓட்டணுமான்னு சுள்ளுன்னு கோவம் வரும். ஒருநாள் எதேச்சையா தட்டினேன், கிளம்பிட்டார். சரி, இதுக்காவது கோவப்படலையேன்னு விட்டுட்டேன்."

"நாலு வருஷத்துல ரெண்டு பேரும் இதப் பத்திப் பேசிக்கிட்டதே இல்லையா?"

"எதப் பத்தி?" என்றார் சர்வேயர்.

8

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் சந்தேகம். தட்டினால் கிளம்புகிறோம் என்று இவருக்கு நிஜமாகவே தெரியாதா, இல்லை நடிக்கிறாரா? தெரியாது என்று எழுதிப் பார்த்தேன், அப்பாவியாகிவிட்டார். நன்றாகத் தெரியும் என்று எழுதினேன், அயோக்கியராகிவிட்டார். இரண்டும் அவர் இல்லை. தெரியும், ஆனால் தெரிந்ததாக வைத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் இப்படிப்பட்ட ஏற்பாடு இது ஒன்றுதானா இருக்கும்? உங்கள் வீட்டில் இல்லையா? எங்கள் வீட்டில் ஏழு இருக்கிறது.

ஆனால் அன்று சாயங்காலம் சர்வேயர் வீட்டுக்கு மகள் வந்தபோது பிரேக்கக்கா எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மகள் சத்தம் போடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

"லீவு விட்டா என் பொண்ணு இந்த வண்டியிலதான் சுத்துவா. முன் சீட்டுக்கு அடம் பிடிப்பா. அம்மா எத்தனை நாள் பின்னாடி உக்காந்து..." அவளால் முடிக்க முடியவில்லை.

சர்வேயர் எழுந்து போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து பிரேக்கக்கா கையில் வைத்தார்.

(கதையை இங்கேயே முடித்திருக்கலாம். 'தகுதி இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டைக் காலி செய்து. யாருக்கும் ஆபத்தில்லாத முடிவு. எழுதியும் வைத்திருந்தேன். பிரேக்கக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. கழுத்தைக் கவனிக்காமல் விட்டது தன் பிழை, அதற்கு இவர் மட்டும் தண்டனை வாங்குவதா என்று அவளுக்கு உறுத்தியது.)

"ஆறு வாரம் குடுங்க" என்றாள் மகளிடம். "சாவி என்கிட்டயே இருக்கட்டும். என் வண்டியில, என் பிரேக்கோட மட்டும்தான் ஓட்டுவார். ஆறாவது வாரம் முடியலைன்னா நானே ஆகாதுன்னு எழுதிடறேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். நம்பி அசைத்ததாகத் தெரியவில்லை.

9

பிரசுரத்துக்கு எழுத வேண்டிய குறிப்புகள் எல்லாம் அந்த ஆறு வாரத்தில் இருக்கின்றன. இங்கேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

தினமும் இருவேளை கழுத்துப் பயிற்சி, மருத்துவரைக் கேட்டு, வலிக்கும் எல்லையைத் தாண்டாமல். பக்கக் கண்ணாடிகளை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விரித்து வைக்க வேண்டும். கழுத்து போகாத தூரத்துக்கு இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்ப வேண்டும். சந்திப்பில் வண்டியைச் சாய்வாக நிறுத்தினால் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டிவரும், நேர்குத்தாக நிறுத்தினால் பாதித் திருப்பம் போதும்.

இந்தக் கடைசிக் குறிப்பைக் கேட்டுச் சர்வேயருக்குக் கோபமே வந்துவிட்டது. "தொண்ணூறு டிகிரியா? இத மொத நாளே சொல்லியிருக்கலாமேம்மா! வாழ்க்கை பூரா அதைத்தானே அளந்தேன்!"

கஷ்டமான பாடம் வேறு. ஓட்டும்போது கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்த்தால்தான் சொல்ல முடியும், பார்க்காததைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடும். பின் இருக்கையில் சர்வேயரம்மாவுக்கும் பாடம் உண்டு. அவர் பேசக்கூடாது, தட்டக்கூடாது. "எனக்குச் சொல்லிக்குடுத்த ஒரே பாடம் வாய மூடு, கையக் கட்டு. இதுக்கு நான் பள்ளிக்கூடம் வேற வரணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார்.

முதல் வாரம் சர்வேயர் வெட்கத்தில் முனகினார். "சைக்கிள். ஒரு நாய். காலி." இரண்டாவது வாரம் மருந்துக்கடைச் சந்திப்பு வந்தது. நேர்குத்தாக நிறுத்தினார். "இந்தப் பக்கம் காலி" என்றார். அடுத்த பக்கத்துக்கு இடுப்பைத் திருப்பினார். பின்னால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது பிரேக்கக்காவுக்குக் கேட்டது. அவள் கால் பிரேக்மேல் இருந்தது.

"இந்தப் பக்கம்," என்றார் சர்வேயர், "எனக்குத் தெரியல."

நான்கு வருஷத்தில் முதல்முறையாகச் சொல்கிறார். பின்னாலிருந்து அம்மா, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதுக்கு இத்தனை வருஷமா உங்களுக்கு?" என்றார். பேசக்கூடாது என்ற விதியைப் பிரேக்கக்கா அன்றைக்கு நினைவூட்டவில்லை.

"அப்ப இன்னொரு தடவ திரும்பிப் பாருங்க, ஐயா. தெரியற வரைக்கும் நிக்கலாம். பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்."

அவன் அடித்தான். சர்வேயர் நின்று, திரும்பி, மறுபடி திரும்பி, "வெள்ளை வேன் வருது. போகட்டும். இப்ப காலி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

10

ஆறாவது வாரம் சோதனை. அம்மா வாசலில், பிரேக்கக்கா பக்கத்தில். ஒன்பது சந்திப்பு, ஒன்பதிலும் அவரே பார்த்தார், அவரே சொன்னார், அவரே கிளம்பினார். இரண்டாவது பிரேக் தொடப்படவேயில்லை.

(இந்த முடிவை என்னிடம் பிரசுரம் கேட்ட அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா பொய்" என்றார். "தேறிட்டாருன்னா எல்லா ரோட்டுலயும் தேறிட்டாருன்னு அர்த்தமா? மழையில? பைபாஸ்ல?" எனக்கு ரோஷம் வந்து மூன்று நாள் அவர் பள்ளியைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனேன். பிறகு உட்கார்ந்து திருத்தினேன்.)

வீட்டுக்குள் வந்து 'தகுதி உண்டு. ஆறு மாதத்தில் மறு சோதனை' என்று எழுதப் பேனாவைத் திறந்த பிரேக்கக்காவைச் சர்வேயர் தடுத்தார்.

"கொஞ்சம் இரும்மா" என்று உள்ளே போய், சுருட்டிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். வரைபடம். பழைய தொழில் சுத்தத்தோடு, அளவுகோல் விகிதம் எல்லாம் போட்டு வரைந்திருந்தார். வீடு, காய்கறிச் சந்தை, மருத்துவமனை, நூலகம், மருந்துக்கடைச் சந்திப்பு. சுற்றிலும் சிவப்பு மையில் ஒரே கோடு. ஓரத்தில் அச்சடித்த மாதிரி எழுத்து: 'காலை எட்டு முதல் மாலை நான்கு வரை. மழை நாளில் இல்லை. வேகச் சாலையில் இல்லை.'

"என்னப்பா இது?" என்றாள் மகள். சோதனைக்காகவே அன்றும் விடுப்பு எடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"என் எல்லை. இதுக்குள்ள என்னால முடியும். இந்தக் கோட்டைத் தாண்டி முடியாது."

தாளின் அடியில் மூன்று பேருக்குக் கையெழுத்து இடம் விட்டிருந்தார். நிலம் அளந்து எல்லை போட்டால் பக்கத்து நிலக்காரரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது எல்லையே ஆகாது என்பது அவர் வேலை பார்த்த வழக்கம். முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது அம்மாவுடையது, கோணல்மாணலாக. மூன்றாவது இடம் காலி. பிரேக்கக்கா தன் பேனாவை மகளிடம் நீட்டினாள்.

மகள் வாங்கிக்கொண்டு குனிந்தாள். சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டி ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்றும் வந்தாள்.

"இதுல என் வீடு எங்கப்பா இருக்கு?"

சர்வேயர் தாளுக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, வெறும் மேசைப் பலகைமேல் விரலை வைத்தார்.

"இங்க வருதும்மா. நடுவுல பைபாஸ் இருக்கு, என்னால முடியாது. இனிமே நீ வந்தாத்தான் உண்டு."

11

மகள் என்ன சொன்னாள் என்று மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் உடனே கையெழுத்துப் போட்டாள், 'ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடறேன்ப்பா' என்றாள். அவள் வருவாளா என்று எனக்கே நிச்சயமில்லை. இன்னொன்றில், 'ராத்திரி உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு ஓட்டறது?' என்று கேட்டுப் பேனாவை மூடினாள். மூன்றாவதை நான் படித்துக்கூடப் பார்க்காமல் அடித்துவிட்டேன்.

எழுதுகிறவன்தானே, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலை என்பீர்கள். சொல்ல மாட்டேன். என் அப்பா ஓட்டியபோது அவரால் எந்தச் சாலையில் முடியும், எதில் முடியாது என்று நான் கேட்டதே இல்லை. ஒருநாள் சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். அவர் மூன்று நாள் வீடெல்லாம் தேடினார். நானும் கூடவே தேடினேன்.

அதனால் நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். பேனா மகள் கையில் திறந்தபடி இருக்கிறது. அப்பாவின் விரல் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது, அவர் எடுக்கவில்லை. அவளுக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் ஓர் அப்பாவோ அம்மாவோ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் சொல்லுங்கள்.